அரங்கம் ஏறு!

தாளை நான்காக மடித்துக் கைப்பையின் அடியில் வைத்திருந்தாள் அந்தப் பெண். எடுத்துக் காட்ட மனம் வரவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு வந்து காவிரிப் படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்குத் தருமபுரிப் பக்கம் ஒரு கிராமம். குடும்பத்தில் முதல் பட்டதாரி. மைசூருவில் முனைவர் பட்ட ஆய்வு, நான்காம் ஆண்டு. அடுத்த மாதம் அவர்கள் துறையில் ஆய்வு மாணவர் நாள். 250 சொல்லில் ஆய்வுச் சுருக்கம் அனுப்ப வேண்டும். தேர்வானால் மேடையில் பத்து நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் கேள்வி. அன்று ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை கடைசித் தேதி.

"இந்த வருஷம் வேண்டாம்னு பாக்கறேன் சார். அடுத்த வருஷம் குடுத்துக்கலாம்."

போன வருடமும் இதையேதான் சொன்னாளாம். அதற்கு முந்தைய வருடமும்.

எனக்கு நெஞ்சு கொதித்தது. அவள்மீது கோபமில்லை. மூன்று வருடம் ஆய்வுக்கூடத்தில் நின்று கால் கடுத்த பெண் அவள். எத்தனை ராத்திரி தூங்காமல் கருவி முன்னால் காத்திருந்திருப்பாள்! அந்த உழைப்பு நான்கு மடிப்புக்குள் கிடப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதிலும், சொல்லாமல் விட்டவர்களுக்கு என்ன நேரும் என்று தெரிந்துகொள்ள ஸ்ரீரங்கப்பட்டணத்தைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கிடையாது. அந்த ஊரிலேயே உட்கார்ந்துகொண்டு 'அடுத்த வருஷம்' என்கிறாள்!

தம்பி, தங்கை, நீயும் கேள்.

இந்தத் தீவுக்கோட்டை 1799 மே 4 அன்று விழுந்தது. திப்பு சுல்தான் இங்கேயே போரிட்டு மடிந்தார். வென்றவர்கள் கொண்டுபோன பொருள்களில் ராக்கெட்டுகளும் இருந்தன. வாணத்துக்கான மருந்தைக் காகிதக் குழாயிலும் மூங்கிலிலும் அடைப்பதே பெரும்பாலும் வழக்கமாக இருந்த காலம் அது. மைசூர்க் கைவினைஞர்கள் அதை இரும்புக் குழாயில் கெட்டித்தார்கள். காகிதம் கிழிந்துபோகும் அழுத்தத்தை இரும்பு தாங்கியது, வாணம் வெகுதூரம் பாய்ந்தது. போக்கு தப்பாமலிருக்க நீண்ட மூங்கிலைச் சேர்த்துக் கட்டினார்கள். 1780-இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை சிதறியதில் இந்த வாணங்களுக்குப் பங்கு உண்டு. அந்தப் போர்க்காட்சியை இந்த ஊரின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இன்றும் பார்க்கலாம். 2018-இல் சிவமொக்கா மாவட்டத்து நகராவில் ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கு மேல் இரும்பு ராக்கெட் குழாய்கள் கிடைத்தன. அவ்வளவு செய்திருக்கிறார்கள்!

செய்தவன் யார்? எந்தத் தட்டான், எந்தக் கொல்லன், இரும்பின் கனத்தையும் மருந்தின் அளவையும் எத்தனை முறை மாற்றிப் பார்த்து அந்த அளவுக்கு வந்தான்? அவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

அந்த வாணங்கள் போய்ச் சேர்ந்த இங்கிலாந்தில் வில்லியம் காங்கிரீவ் என்பவர் ராக்கெட் சோதனையில் இறங்கினார். மாற்றினார், அளந்தார், அதிகாரிகள் முன்னால் செய்து காட்டினார், எல்லாவற்றையும் எழுதிப் புத்தகமாக அச்சிட்டார். 'காங்கிரீவ் ராக்கெட்' என்று உலகம் பெயர் வைத்தது. 1807-இல் கோபன்ஹேகன் மீதும் 1814-இல் அமெரிக்காவின் பால்டிமோர் மீதும் பாய்ந்தது அதுதான். அமெரிக்க தேசிய கீதத்தில் ராக்கெட் என்ற சொல் வருவது அந்த பால்டிமோர் இரவினால்தான். ராமேசுவரத்திலிருந்து போன அப்துல் கலாம் 1960-களில் நாசாவின் வாலப்ஸ் தீவில் ஒரு ஓவியத்தைப் பார்த்தார். ஆங்கிலேயர்மீது ராக்கெட் விடும் திப்புவின் வீரர்கள் அதில் இருந்தார்கள். 'அக்கினிச் சிறகுகள்' நூலில் இதைச் சொல்கிறார். நம் ஊரில் மறந்துபோன ஒன்றைக் கடல் தாண்டிப் போய்ச் சுவரில் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு 1985-இல் பெங்களூருவில் விஞ்ஞானி ரொத்தம் நரசிம்மா மைசூர் ராக்கெட்டுகளைப் பற்றி ஆராய்ந்து எழுதினார்.

காங்கிரீவைத் திட்டி ஆவது ஒன்றுமில்லை. அவர் உழைத்தார், எழுதினார். எழுதியவன் பெயர் நின்றது. அவ்வளவுதான் நடந்தது. நீ ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்ததை எழுதாமல், எழுந்து நின்று சொல்லாமல் விட்டால், உனக்கும் நடக்கப்போவது அதுதான்.

அதே முற்றுகையில், எதிர்ப்பக்கப் படையில், இன்னொரு மனிதர் இருந்தார். வில்லியம் லாம்ப்டன். நம் மண்ணைப் பிடிக்க வந்தவர்களோடு வந்தவர், அதை நான் மறக்கவில்லை. ஆனால் வேலையை எப்படிச் சொல்வது என்று கற்றுக்கொள்ள எதிரியிடமும் போகலாம். கூச்ச சுபாவம். பேச்சில் பிரகாசித்தவர் என்று யாரும் அவரைப் பற்றி எழுதவில்லை. 1799 ஏப்ரல் மாதத்து இரவொன்றில் ஜெனரல் பேர்டின் படை தோப்புக்குள் புகுந்து திரும்பும்போது வழி தவறியது. தெற்கே போக வேண்டியவர்கள் வடக்கே, திப்புவின் பாசறையை நோக்கி நடந்தார்கள். லாம்ப்டன் வானத்தைப் பார்த்தார். நட்சத்திரங்கள் வேறு கதை சொல்லின. ஜெனரலிடம் போய்ச் சொன்னார். ஜெனரல் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச தூரத்தில் எதிரியின் காவல் வீரர்கள் மேலேயே போய் விழுந்தார்கள். பிறகுதான் காம்பஸை எடுத்துப் பார்த்தார்கள். லாம்ப்டன் சொன்னதுதான் சரி.

போர் முடிந்ததும் அவர் ஒரு திட்டத்தை எழுதி அரசுக்கு அனுப்பினார். கோரமண்டல் கரையிலிருந்து மலபார் கரை வரை தீபகற்பத்தின் குறுக்கே முக்கோணம் முக்கோணமாக அளந்து இடங்களைத் துல்லியமாக நிறுத்துவது, கூடவே பூமியின் வடிவத்தையும் கணக்கிடுவது. என்ன செய்யப்போகிறேன், எப்படிச் செய்வேன், அதனால் என்ன கிடைக்கும் என்ற மூன்றும் அதில் இருந்தன. இன்று உன் சுருக்கத்தில் கேட்பதும் இவற்றைத்தானே!

1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீள அடிக்கோட்டை நூறடிச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ நானூறு முறை சங்கிலியை எடுத்து எடுத்து வைத்தார்கள். கோடை வெயிலில் 57 நாள். அரை டன் எடையுள்ள கோணமானி ஒன்று கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி மொரீஷியஸ் போய், அப்புறம் வந்து சேர்ந்தது. 1808-இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதிச் சிதைந்தது. அவரே உட்கார்ந்து பிரித்துத் தட்டி, நேராக்கி, மறுபடி வேலைக்குக் கொண்டுவந்தார். நெறியாளர் கோபித்தார், கருவி பழுதாகிவிட்டது என்று சோர்ந்து உட்காரும் தம்பி, இதை ஒரு முறை நினைத்துப் பார்.

இவ்வளவு பாடுபட்டவரைப் பற்றி மதராஸ் நிதிக் குழுவில் ஒருவர் கேட்டாராம்: ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமென்றால் பல்லக்குத் தூக்கிகளின் தலைவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் கொண்டுபோய் விட்டுவிடுவான், இதற்கு லாம்ப்டனின் வரைபடம் எதற்கு?

கேட்டாயா? இந்த ஊரின் பெயரைச் சொல்லியே கேட்டிருக்கிறார். 'இதனால் என்ன பயன்' என்ற கேள்வி உனக்காகப் புதிதாகப் பிறந்ததில்லை. இருநூறு வருடமாக ஆய்வாளன் ஒவ்வொருவனையும் அது வழியில் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருக்கிறது. லாம்ப்டன் அதற்கு எண்ணால் பதில் சொன்னார். மதராஸிலிருந்து மங்களூர் வரை 400 மைல் என்று அதுவரை வரைபடங்கள் காட்டின. அளந்து பார்த்தால் 360. நாற்பது மைல் நிலம் காகிதத்தில் மட்டும் இருந்தது! பல்லக்குத் தூக்கி எந்த ஊருக்கும் வழி காட்டுவான், அந்த நாற்பது மைலைச் சொல்ல அவனால் முடியாது.

இன்னொன்று. பல வருட அளவை வேலையை அவர் 1818-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். அந்தக் கட்டுரையின் தலைப்பே 'சுருக்கம்' என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. எந்த அட்சரேகையிலிருந்து எந்த அட்சரேகை வரை அளந்தார் என்பதும், ஏறத்தாழ பத்துப் பாகை நீளம் என்பதும் தலைப்பிலேயே வந்துவிடுகின்றன. விடையைத் தலைப்பில் வைத்தவர் அவர். நம் பிள்ளைகள் விடையைக் கடைசி வரியில்கூட வைப்பதில்லை.

இந்த வலி எனக்குத் தெரியும். என் முதல் கருத்தரங்கில், ஊர் பெயர் வேண்டாம், பதினைந்து நிமிடப் பேச்சுக்கு 42 ஸ்லைடு கொண்டுபோனேன். முன்னோர் ஆய்வு, இலக்கிய மீள்பார்வை, கோட்பாடு என்று சுற்றிச் சுற்றி வந்து, பதினோராவது ஸ்லைடில் மணி அடித்துவிட்டார்கள். என் கண்டுபிடிப்பு முப்பத்தைந்தாவதில் இருந்தது. அதை யாரும் பார்க்கவே இல்லை. முன் வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "தம்பி, இதனால யாருக்கு என்ன பயன்?" என்று கேட்டார். வாய் திறக்கவில்லை. விடுதிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். விடை என்னிடம் இருந்தது. நான்கு வருடமாக இருந்தது. அதைச் சொல்லிப் பார்த்துப் பழகியதில்லை, அதனால் கேட்ட நேரத்தில் வாயில் வரவில்லை.

ஆகவே படித்துறையில் அந்தப் பெண்ணிடம் கையை நீட்டினேன். தாள் வந்தது.

முதல் வரி, கேழ்வரகு ஒரு முக்கியமான சிறுதானியம் என்றது. இரண்டாவது வரி, இந்தியாவில் பண்டைக்காலம் முதல் பயிரிடப்படுகிறது என்றது. மூன்றாவது வரியில் சத்துப் பட்டியல். ஏழாவது வரியில், முளைகட்டுதலின் விளைவுகள் ஆராயப்பட்டன. கடைசி வரி: முடிவுகள் விரிவாக விவாதிக்கப்படும். 250 சொல்லும் நிரம்பியிருந்தன. அவள் செய்த வேலை மட்டும் அதில் இல்லை.

"இதை மூடி வைம்மா. உங்க அம்மா கேட்டா என்ன சொல்லுவே? மூணு வருஷமா அங்க என்னடி பண்றேன்னு."

கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எங்க அம்மா ராகியை ராத்திரி ஊறவெச்சு, காலையில வடிச்சுத் துணியில கட்டி வெப்பாங்க சார். முளை வந்ததும் காயவெச்சு அரைப்பாங்க. எவ்வளவு நேரம் கட்டி வெக்கணும்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. ராகியில இரும்புச்சத்து இருக்கு, ஆனா பைட்டேட்னு ஒண்ணு அதைப் பிடிச்சு வெச்சுக்கும், உடம்புல சேர விடாது. முளைகட்டினா அது குறையும். நான் நேரத்தை மாத்தி மாத்தி வெச்சு அளந்தேன். ஒரு நேரத்துக்கு அப்புறம் எவ்வளவு கட்டி வெச்சாலும் பிரயோஜனம் கூடல சார். அந்த நேரம் எதுன்னு கண்டுபிடிச்சிருக்கேன்."

அந்த எண்ணையும் சொன்னாள். இங்கே நான் எழுதப்போவதில்லை. அது அவளுடையது, அவள்தான் முதலில் வெளியிட வேண்டும்.

"இதான் சுருக்கம். எழுதிக்கோ."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு எளிதாக எழுதினால் ஆய்வு மாதிரி இருக்குமா என்று கேட்டாள். நம் பிள்ளைகளைப் பிடித்து ஆட்டும் பெரிய பேய் இதுதான். புரியாமல் எழுதினால்தான் ஆய்வு என்று யாரோ இவர்கள் காதில் ஓதிவிட்டிருக்கிறார்கள். 'ஆராயப்பட்டது', 'மேற்கொள்ளப்பட்டது', 'கண்டறியப்பட்டது' என்று வரிக்கு வரி எழுதுகிறார்கள். யார் கண்டறிந்தது? நீதானே! 'நான் அளந்தேன்' என்று எழுது. உன் கேள்வி ஒரு வரி, அந்தக் கேள்வி ஏன் இதுவரை தீரவில்லை என்று ஒரு வரி, நீ செய்த வேலை இரண்டு வரி, கிடைத்த விடை எண்ணோடு இரண்டு வரி, அதனால் இனி என்ன மாறும் என்று ஒரு வரி. இடம் மிச்சமிருந்தால் மிச்சமாகவே விடு. தலைப்பைக் கடைசியில் வை, விடை தெரிகிற மாதிரி வை. எழுதியதை வேறு துறைத் தோழி ஒருத்தியிடம் படித்துக் காட்டிவிட்டு, தாளை வாங்கிக்கொண்டு, என்ன புரிந்தது என்று கேள். அவள் திரும்பச் சொல்வதில் உன் எண் வந்தால் அனுப்பு. வராவிட்டால் திருத்து.

சுருக்கத்துக்குக் கொடுக்கும் உழைப்பில் பாதியைக்கூட நம்மவர்கள் பேச்சுக்குக் கொடுப்பதில்லை. முதல் நாள் ராத்திரி இரண்டு மணி வரை ஸ்லைடுக்கு நிறம் பூசுகிறார்கள். வாய் திறந்து ஒரு முறைகூடச் சொல்லிப் பார்ப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஒரு போட்டி தொடங்கியது. முழு ஆய்வையும் மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும், ஒரே ஒரு ஸ்லைடு. வறட்சிக் காலத்தில் அங்கே மூன்று நிமிடத்தில் குளித்து முடிக்கக் குளியலறையில் சின்ன மணற்கடிகாரம் ஒட்டி வைத்திருந்தார்களாம், அதிலிருந்து வந்த யோசனை. இன்று பல நாடுகளில் நடக்கிறது. மூன்று நிமிடத்தில் ஒரு ஆய்வு அடங்கும் என்றால் உனக்குக் கிடைக்கும் பத்து நிமிடம் பெரிய செல்வம். எட்டு ஸ்லைடு போதும். ஒரு ஸ்லைடில் ஒரு செய்தி. வரைபடத்தில் எந்த அச்சு எதைக் காட்டுகிறது என்று கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய். நடுவில் உள்ளதை நீ வாழ்ந்திருக்கிறாய், அது வரும்.

நின்றுகொண்டு பேசிப் பழகு. அறையில் கட்டிலில் சாய்ந்தபடி மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது பயிற்சி ஆகாது. போனில் பதிவு செய்து கேள். முதல் முறை கேட்கக் கூசும். ஏழாவது முறை உன் குரல் உனக்கே பிடிக்கும். அன்று காலை அரைமணி முன்னால் அரங்குக்குப் போ. மேடையில் ஏறி நில், மைக்கைத் தொடு, உன் பென் டிரைவைச் செருகி ஸ்லைடு திறக்கிறதா பார், பி.டி.எஃப். பிரதி ஒன்று வைத்துக்கொள்.

'எனக்கு இங்கிலீஷ் வராது சார்.' இதைச் சொல்லாத தமிழ் வழி மாணவனை நான் பார்த்ததில்லை. கண்ணே, நன்றாகக் கேட்டுக்கொள். நீ திணறுவது பெரும்பாலும் மொழியால் வருவதில்லை, சொல்ல வந்தது தெளியாததால் வருகிறது. முதலில் தமிழில் சொல். படித்துறையில் அவள் சொன்ன மாதிரி, அம்மாவுக்குச் சொல்வது போலச் சொல். தமிழில் தெளிந்த பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக மாற்று. ஒரு வாக்கியத்தில் ஒரு வினைச்சொல் போதும். இலக்கணம் ஓரிடத்தில் தடுக்கினால் உலகம் இடிந்துவிடாது. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் உன் உச்சரிப்பை எடைபோட வரவில்லை, உன் எண்ணைக் கேட்க வந்திருக்கிறார்கள். அப்படி உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்கிறவர் ஒருவர் இருந்தால், அது அவர் குறை, நீ சுமக்காதே.

கேள்வி நேரத்துக்கு நடுங்குகிறாயா? கேள்வி வருகிறது என்றால் கேட்டார்கள் என்று அர்த்தம். கேள்வியை முழுதாகக் கேள், நடுவில் பாயாதே. தெரிந்தால் இரண்டு வாக்கியத்தில் சொல். தெரியாவிட்டால், 'என் தரவில் இதற்கு விடை இல்லை, பார்க்கிறேன், நன்றி' என்று நிமிர்ந்து சொல். இதைச் சொல்ல முதுகெலும்பு வேண்டும். பேராசிரியர்கள் மதிக்கும் பதில் இது. 'இதனால் என்ன பயன்' என்பதற்கு மட்டும் பதில் தயாராக, ஒரே வாக்கியமாக, சட்டைப்பையில் இருக்கட்டும். பல்லக்கு எப்போதும் வரும்.

தமிழில் அரங்கம் என்றால் ஆற்றின் நடுவே உள்ள தீவு. மேடையும் அரங்கம்தான். காவிரியில் முதல் அரங்கம் ஸ்ரீரங்கப்பட்டணம், நடுவில் சிவனசமுத்திரம், கடைசியில் நம் திருவரங்கம். கம்பர் தம் காவியத்தைத் திருவரங்கத்துச் சபையில்தான் அரங்கேற்றினார் என்பது நம் மரபு. கோயிலில் அவர் பெயரில் மண்டபமே இருக்கிறது. எவ்வளவு பெரிய புலவனும் எழுதியதைச் சுருட்டி வைத்துக்கொள்ளக் கூடாது, அவை முன் நின்று படித்துக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வைத்தவர்கள் நாம். வள்ளுவர் அவையறிதலுக்கு ஓர் அதிகாரம் எழுதி, அது போதாதென்று அவை அஞ்சாமைக்குத் தனியாக இன்னொரு அதிகாரம் எழுதினார். அவையைக் கண்டால் பயம் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வந்தாலும் ஏறு என்றுதான் அவர் எழுதி வைத்தார்.

சொன்னால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கே சாட்சி உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில்தான் ரங்கனதிட்டு. ஆற்றின் நடுத்திட்டுகளில் பறவைகள் கூடு கட்டுவதை ஊர்க்காரர்கள் எல்லோரும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறார்கள். 1940-இல் பறவையியலாளர் சாலிம் அலி பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல் மைசூர் மன்னரிடம் எடுத்துச் சொன்னார். சரணாலயம் ஆயிற்று. இன்றும் அந்த மரங்களில் குஞ்சு பொரிக்கிற ஒவ்வொரு நாரைக்கும் அந்த ஒரு பேச்சுதான் வேலி.

இருட்டத் தொடங்கியதும் எழுந்தோம். மடித்த தாளின் பின்பக்கத்தில் அவள் பென்சிலால் ஏழு வரி எழுதியிருந்தாள். முதல் வரி 'முளைகட்டும் நேரம்' என்று தொடங்கியது. புதன்கிழமை இரவு பதினொன்றே முக்காலுக்கு என் போனுக்கு ஒரு செய்தி வந்தது: "அனுப்பிட்டேன் சார்."

உன் துறையின் அறிவிப்புப் பலகையிலும் ஒரு தேதி ஒட்டியிருக்கும். நாளைக் காலை முதல் வேலையாகப் போய் அதைப் பார். அதற்கு முன், இன்று ராத்திரியே, உன் அம்மாவுக்குச் சொல்வது போல உன் ஏழு வரியை எழுது.